வரைவைப் படித்தேன், கயல்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. ஹூலக் கிப்பன் என்கிற வாலில்லாக் குரங்கைப் பற்றி நீ அனுப்பிய ஆய்வு வரைவு கிடைத்தது. அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டேன். மின்னஞ்சலில் "பார்த்துச் சொல்லுங்கப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வேலை மும்முரம், புரிகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கேளுங்க, கேளுங்க" என்கிறாள். நான் வரைவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. விடியற்காலையில் காட்டுக்குள் தனியாகப் போகாதே. அறுப்புக் காலத்தில் யானைகள் இரவெல்லாம் வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் திரிந்துவிட்டு, வெளுக்கும் நேரத்தில்தான் உன் அசாம் காடான ஹோலோங்காபாருக்குள் திரும்பும். நீ உள்ளே நுழைகிற நேரமும் அதுதான். பனிமூட்டத்தில் இருபதடியில் நிற்கிற யானை தெரியாது. அது நடக்கிற சத்தமும் கேட்காது. கிப்பன் பாடுகிறதே என்று மரத்து உச்சியைப் பார்த்தபடி நடக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். வழிகாட்டி வராத நாளில் அறையில் இருந்து தரவை ஏற்று. ஒரு நாள் பதிவு போனால் போகட்டும்.

இனி வரைவு. வரைபடம் நன்றாக வந்திருக்கிறது. எச்சத்திலிருந்து விதைகளைப் பிரித்துக் கழுவி, முளைக்க வைத்து எண்ணிய அட்டவணையை சிவராமன் மாமாவிடம் காட்டினேன். "இந்தப் பொறுமை உங்க வீட்டில் யாருக்கும் கிடையாதே" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் பாட்டைக் கேட்டுக் குழுக்களை எண்ணுகிற கணக்கெடுப்பில் ஓர் இடத்தில் அவசரப்பட்டுவிட்டாய். ஒரு கேட்பிடத்தில் இரண்டே காலை உட்கார்ந்துவிட்டு, சத்தம் வரவில்லை என்பதால் "குழு இல்லை" என்று குறித்திருக்கிறாய். எந்தக் குழுவும் தினமும் பாடாது. குளிரில் குறையும், காற்றிலும் மழையிலும் நின்றேவிடும். ஒரு நாளில் பாட 60 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள். ஒரு காலை மட்டும் கேட்டால் பத்தில் நான்கு குழு உன் கணக்கில் வராது. மூன்று காலை கேட்டால் 94 விழுக்காடு பிடிபடும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு காலை. அக்கம்பக்கத்தில் வேறு குழு இல்லாத ஜோடி இன்னும் குறைவாகப் பாடும்; பதில் சொல்ல ஆள் வேண்டாமா? துணையில்லாத தனி விலங்கு உன் கணக்கில் பெரும்பாலும் வராது. அதையும் வரைவில் சொல்லிவிடு. சத்தம் இல்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று எழுதக் கூடாது.

இன்னொரு சிக்கல் ஹூலக்குக்கே உரியது. வெள்ளைக்கை கிப்பனில் பெண்ணின் ஏறிப்போகிற நீள அழைப்பைக் கொண்டு இது இன்ன ஜோடி என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஹூலக்கில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிகளைத்தான் கலந்து பாடும். மூச்சை இழுக்கும்போதும் ஒலி, விடும்போதும் ஒலி. அதனால் ஒரே ஜோடி இடம் நகர்ந்து இன்னொரு முறை பாடினால், உன் தாளில் இரண்டு ஜோடியாக விழுந்துவிடும். இதற்கு வழி ஒன்றுதான். 300 முதல் 500 மீட்டர் இடைவெளியில் மூன்று கேட்பிடம், மூன்று ஆள். பாட்டு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், திசைகாட்டிக் கோணம் மூன்றையும் மூவரும் தனித்தனியே எழுத வேண்டும். முந்தின இரவே மூன்று கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துவிடு. இரண்டு நிமிடம் தப்பினாலும் யாருடைய கோணம் எந்தப் பாட்டுக்கு என்று குழம்பும். கோணங்களை வரைபடத்தில் கோடுகளாக இழுத்தால், அவை வெட்டும் இடம்தான் பாடிய இடம். அப்படி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 500 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் தனிக்குழு என்று எடு. தூரத்தைக் காதால் மதிப்பிட்டு எழுதாதே, எல்லோருக்கும் தப்புகிறது. மூன்று ஆள் என்றேன், கவனி. தனியாகப் போகாதே என்று இதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குழு அமைப்பு அட்டவணையில் கறுப்பாக இருந்த இளசுகளை எல்லாம் "ஆண்" என்று போட்டிருக்கிறாய். குட்டி வெளிறிப் பிறந்து, முதல் ஆண்டுக்குள் கறுத்துவிடும். பெண் குட்டியும் அப்படியே கறுப்பாக வளர்ந்து, பருவத்துக்கு வருகிற ஆறேழு வயதில்தான் செம்பழுப்பாக மாறும். வளர்ந்த ஆணும் பெண்ணும் எடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆறிலிருந்து ஒன்பது கிலோ. ஆக வளராத கறுப்பு விலங்குக்கு "பால் தெரியவில்லை" என்ற ஒரு கட்டம் போடு. இப்போது குட்டி போடும் பருவம் வேறு. புதுக்குட்டி தாயின் வயிற்றில் பெல்ட் மாதிரி குறுக்கே ஒட்டிக் கிடக்கும். நிறமும் தாயின் நிறத்தோடு கலந்துபோகும். தாய் கையை உயர்த்தித் தாவும் அந்த நொடியில் பார்த்தால்தான் உண்டு. கீழே நின்று கழுத்தை ஒடித்துக்கொள்ளாமல், சற்றுத் தள்ளித் தார்ப்பாய் விரித்து மல்லாந்து பார். நேர் கீழே நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளை போனவாரம் போன் செய்தார். என் சர்க்கரையைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். உன்னைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

11ஆம் பக்கத்துக்கு வருகிறேன். "ஹூலக் கிப்பன்கள் ஆயுள் முழுவதும் ஒரே துணையோடு வாழ்பவை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. அது கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம், தரவு அல்ல. 1937இல் கார்ப்பெண்டர் என்ற ஆய்வாளர் தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் சில மாதம் பார்த்து ஆண், பெண், குட்டிகள் என்று குடும்பமாக எழுதியதிலிருந்து எல்லோரும் அதையே திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். விலங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பிறகுதான் வேறு விஷயம் வெளியே வந்தது. சுமத்ராவின் கெடாம்பேயில் ஜோடி பிரிவதை 1994இல் பாலோம்பிட் எழுதினார். தாய்லாந்தின் காவோ யாயில் பெண்கள் பக்கத்து எல்லை ஆணோடும் கூடுவதை 1995இல் ரைக்கார்ட் எழுதினார். துணை செத்துத்தான் பிரிய வேண்டும் என்றில்லை. உயிரோடு இருக்கும் துணையை விட்டு, பக்கத்து எல்லைக்குப் போய் அங்கே சேர்ந்துகொள்வதும் உண்டு. இவையெல்லாம் வெள்ளைக்கை கிப்பனும், சியாமாங் என்கிற இன்னொரு கிப்பன் இனமும்தான். ஆனாலும் முப்பது ஆண்டு வாழக்கூடிய விலங்கை இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு "ஆயுள் முழுவதும்" என்று யாராலும் எழுத முடியாது. "ஆய்வுக் காலத்தில் ஜோடி மாறவில்லை" என்று எழுது, போதும். ஒரு ஜோடி பிரிந்தால் அது குறையுள்ள ஜோடி என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. காரணம் தெரிந்தால் குறிப்பார்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுவார்கள். இதை நான் ஆய்வைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரயில் பாதைப் பகுதி சுருக்கமாக இருக்கிறது, வரைவிலேயே முக்கியமானது அதுதான். 20.98 சதுர கிலோமீட்டர்க் காடு, சுற்றிலும் தேயிலை, நடுவே தண்டவாளம். அதற்கு அந்தப் பக்கம் துண்டாகி நிற்கிற சுமார் 150 ஹெக்டேரில் இருக்கிற குழுக்களுக்கு இளசுகளை அனுப்ப வேறு இடமில்லை. ஏழெட்டு வயதில் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒதுங்கி, உணவு மரத்தில் தள்ளி உட்கார்ந்து, கடைசியில் விலகிப்போகிற வயதில் அந்த விலங்கு எங்கே போகும்? நீந்தத் தெரியாது, தரையில் இறங்கினால் நாய். 2015இல் ரயில்வே வைத்த இரும்புப் பாலம் பயன்படவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஏன் என்று எழுது. இரும்புச் சட்டத்தில் இலை மறைவு ஏது? அது எந்தக் கிளைக்குப் போய்ச் சேருகிறது? பற்றுகிற கைக்கு எவ்வளவு தடிமன் வேண்டும்? சீனாவின் ஹைனான் தீவில் நிலச்சரிவு உண்டாக்கிய 15 மீட்டர் இடைவெளியில் மலையேறும் கயிறு கட்டினார்கள். கிப்பன்கள் அதைத் தொட 176 நாள் ஆயிற்று. ஆறு மாதம் யாரும் ஏறவில்லை என்றதும் அவிழ்த்திருந்தால் "கயிறும் தோல்வி" என்று எழுதி மூடியிருப்பார்கள். ஹோலோங்காபாரில் இனி எதைக் கட்டினாலும் குறைந்தது ஒரு வருடம் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவுரையில் சேர். இருபுறமும் ஹோலோங், நாஹர் மரங்களை நட்டு உச்சிகளைச் சேரவிடுவதே நிரந்தரம், அதற்குக் காலம் பிடிக்கும்.

உணவுப் பகுதியில் எனக்குக் குறை இல்லை. அத்தி காய்க்கிற மாதங்களைத் தனியே பிரித்ததும், குளிர்காலத்தில் இலை கூடுவதைச் சொன்னதும் சரி. மரப்பொந்துத் தண்ணீரில் கையை விட்டு, புறங்கை மயிரில் ஒட்டியதை நக்கிக் குடிப்பதை இரண்டே வரியில் எழுதியிருக்கிறாயே, அதைத் தொடாதே.

சின்னக்கா வீட்டு விசேஷத்துக்கு நீ வராததைப் பற்றி யார் என்ன கேட்டார்கள் என்று எழுதப் போவதில்லை. பதில் நான் சொல்லிக்கொண்டேன். அறைக்கு ஹீட்டர் வாங்கினாயா? இந்த மாதம் கணக்கில் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறேன். வாடகை நீ மட்டும் கட்டுவதாக இருந்தால் சொல். சேர்த்துக் கட்டுவதாக இருந்தாலும் சொல்.

மூலத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பு, கோணங்களை நானே ஒருமுறை வரைந்து பார்க்கிறேன். தனியாகப் போகாதே. போன் செய்வதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்கு மேல் செய். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா