ரெட் நோய்: பிள்ளையின் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரிய மரபணு நோய்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் (Rett) நோய்க்கு அதில் கிடைத்தது இரண்டே வரி. 'குணப்படுத்த முடியாது' என்று அதோடு முடித்துவிட்டீர்கள். என் தங்கச்சியின் மகளுக்கு இந்த நோய்தான். அந்த வரியை வாசித்துவிட்டுத் தங்கச்சி அழுத அழுகையைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள்.

ஏறத்தாழப் பத்தாயிரம் பெண் பிள்ளைகளில் ஒருவரை ரெட் பிடிக்கிறது. முதல் ஆறு மாதமாவது பிள்ளை வழமைபோல வளரும். பிறகு பழகியதெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். எங்கள் பிள்ளை பிஸ்கட்டை விரலால் பிடித்துக் கடித்தவள். ஒன்றரை வயதுக்குப் பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்து ஓயாமல் பிசையத் தொடங்கினாள். பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், கை போகாது.

ஊரில் செய்வினை என்றார்கள், வயிற்றுப் பிள்ளையோடு தாய் எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்றார்கள். தங்கச்சி அதை நம்பியும் விட்டாள். காரணம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள எம்.இ.சி.பி.2 என்ற மரபணுவின் பழுது என்பதை மரபியல் ஆய்வாளர் ஹுடா சோக்பியின் குழு 1999இலேயே கண்டுபிடித்துவிட்டது. அநேகமாக அது பரம்பரையாக வருவதில்லை. விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேர்வது. இதில் தாயைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கட்டுரையாளர் தொடாமல் விட்டது எலிகளில் நடந்த ஆய்வுகளை. அதே மரபணு பழுதான எலியை, வேகம் ஏறிக்கொண்டே போகும் சுழல்தண்டில் ஏற்றிவிடுவார்கள். நல்ல எலி முதல் நாள் விழுந்தாலும், நாளாக ஆகக் காலை எப்படி வைப்பது என்று பழகிக் கூடிய நேரம் நிற்கும். நோயுள்ள எலிக்கு அந்தப் பழக்கம் இலகுவில் படியாது. ஆனால் அதன் மூளைக் கலங்கள் செத்துப்போவதில்லை. மற்றக் கலங்களோடு தொடுக்கும் கிளைகள் குறைந்து சிறுத்துத்தான் இருக்கின்றன. 2007இல் மரபியல் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் எடின்பரோ பல்கலைக்கழகக் குழு, நோய் முற்றிய எலிகளிலேயே அந்த மரபணுவைத் திரும்ப இயங்க வைத்தது. நடையும் மூச்சும் தேறின. மனிதருக்கு இதைச் செய்யும் வழி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்றாலும், மீள முடியாத நோய் என்ற நினைப்பு அன்றோடு உடைந்தது.

2021இல் சோக்பியின் ஆய்வுகூடம் வெளியிட்டதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். அறிகுறி தோன்றுமுன்பே பெண் எலிகளைச் சுழல்தண்டில் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். பழக்கிய எலிகள் தண்டில் நன்றாக நின்றன, அறிகுறிகளும் பிந்தின. அந்தப் பயிற்சியில் திரும்பத் திரும்ப இயங்கிய கலங்களில் கிளைகள் கூடியிருந்தன. அறிகுறி வந்தபிறகு தொடங்கிய பயிற்சிக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே பிள்ளைக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளில் அறிகுறி தெரிந்தபிறகுதான் நோயே பிடிபடுகிறது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? பிந்தித் தொடங்கினாலும் மூட்டு இறுகாமல், முதுகு வளையாமல் காக்கவும், இருக்கிற நடையைக் காப்பாற்றவும் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) வேண்டும்.

எங்களுக்கு என்ன நடந்தது? 'சில பிள்ளைகள் சுணங்கித்தான் நடக்கும், பொறுங்கள்' என்றார் நாங்கள் காட்டிய ஒரு வைத்தியர். பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்கள். பயிற்சி தொடங்கும்போது பிள்ளைக்கு மூன்று வயது. இப்போதும் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளியில் இருந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி, பஸ் மாறித்தான் தங்கச்சி பயிற்சிக்கு வருகிறாள். மழைக்காலத்தில் கிழமைக்கணக்கில் தவறிவிடும். படுவான்கரைக்குக் கிழமையில் ஒரு நாளாவது ஓர் இயன்மருத்துவர் வந்துபோக ஒழுங்கு செய்யுங்கள் என்று மாவட்டச் சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறேன். பழகியதை ஒரு பிள்ளை இழக்கிறது என்று தெரிந்தால், மரபணு முடிவுக்குக் காத்திராமல் அன்றே பயிற்சிக்கு அனுப்புங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முன்பு கையால் பிடித்த பொருளைப் பிடிக்க முடியாமல் போவது, சொன்ன சொல்லை மறப்பது, ஓயாத கைப்பிசைவு, தலைச் சுற்றளவு கூடும் வேகம் குறைவது ஆகிய அறிகுறிகளை அடுத்த இதழில் தாய்மார் கண்ணில் படும்படி ஒரு பெட்டியில் போடுங்கள்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.