கழிப்பறையைத் திறந்து வையுங்கள்

கடலோரச் சுற்றுலாத் தலங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் கடற்கரைத் தலம் ஒன்றில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே மட்டும் ஒரு வாரத்துக்குப் பூட்டைத் திறந்து வைப்பீர்கள்.

என் மாமியாருக்குச் சர்க்கரை. வெளியூர்ப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். அன்றும் அப்படித்தான். ஆனாலும் படகுக்கு வரிசையில் நின்றபோது அவரால் முடியவில்லை. கழிப்பறை இருந்தது. டைல்ஸ் ஒட்டி, திறப்பு விழாக் கல்வெட்டு பதித்து, பூட்டுப் போட்டு! ஜன்னல் வழியே பார்த்தால் உடைந்த நாற்காலிகளும் சிமென்ட் மூட்டைகளும். "சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு, சாப்பிடப் போயிருக்கார்" என்ற டிக்கெட் கவுண்டர்காரர், பக்கத்திலிருந்த சீமைக்கருவேலப் புதரைக் கைகாட்டினார். மாமியார் ஒன்றும் பேசாமல் வண்டிக்குத் திரும்பிவிட்டார். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில்தான் இறங்கினார். படகும் ஏறவில்லை, கடலும் பார்க்கவில்லை.

'கடலோர ஒழுங்குமுறை மண்டலம், நினைத்த இடத்தில் கட்ட முடியாது' என்று பதில் வரும். கட்டச் சொல்லவில்லை, கட்டியதைத் திறக்கச் சொல்கிறேன்.

வசதி செய்ய உங்களுக்குத் தெரியாதா என்ன? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்டாயிற்று. மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போன அரிச்சல்முனைக்கு 2017 முதல் தார்ச்சாலை. ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் கோடியக்கரை 2002-இலும் பிச்சாவரம் 2022-இலும் ஏறின. பெருமைதான். அடுத்து எந்த ஊர்ப் பெயரை இதயக்குறியோடு செல்ஃபி பலகையாக நடப்போகிறீர்கள்? நாங்கள் போன இடத்தில் அந்தப் பலகையைச் சுற்றி வண்ண விளக்குகள். கழிப்பறைக்கு ஒரு பல்புகூடக் கிடையாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது இதுதான்: கடைசிப் படகு திரும்பும் வரை கழிப்பறை திறந்திருக்க வேண்டும். தண்ணீர் வர வேண்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். அப்புறம், சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் மாதாமாதம் ஒழுங்காகப் போக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பூட்டுதான். பார்க்கிங்குக்கும் கேமராவுக்கும் வாங்கும் காசு இதற்குப் போதாதா?

கோடியக்கரைக்குப் பூநாரைகள் வரும் பருவம் தொடங்குவதற்குள், எல்லாக் கடலோரத் தலங்களிலும் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளைத் திறக்க உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பி வந்த ஒரு பெண்