பள்ளிச் செவிலியர் பணிக்கு ஒரு வழி திறந்துவிடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகிய இரு துறைகளின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் பதிவு பெற்ற செவிலியர். டி.ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, குழந்தைகள் வார்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறேன். இந்த மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால், இது அடுத்த துறையின் பொறுப்பு என்று கோப்பு அங்கேயே நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம்.

நான் கேட்பது இதுதான். அரசுப் பள்ளிகளில் பள்ளிச் செவிலியர் என்ற நிரந்தரப் பணியிடத்தை உருவாக்குங்கள். அந்தப் பணிக்கு வருவதற்கென்று ஒரு படிப்பையும் தொடங்குங்கள்.

"நடமாடும் மருத்துவக் குழு வருகிறதே" என்பீர்கள். வருகிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் சேர்ந்த குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று பார்த்து, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி கிளம்பிய பிறகு அந்தச் சீட்டு என்ன ஆகிறது? பிள்ளையின் பையில் கிடக்கிறது. அம்மாவுக்கு நூறு நாள் வேலை, அப்பா வெளியூரில். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. எந்தக் கட்டடத்தில் எந்த அறைக்குப் போவது என்று சொல்லவும் ஆளில்லை. அடுத்த ஆண்டு அதே குழு வந்து, அதே பிள்ளைக்கு அதே சீட்டை மறுபடி எழுதும்.

இதே சிக்கலை நியூயார்க் நகரம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அங்கே 1897 முதல் மருத்துவர்கள் பள்ளிகளைச் சோதித்து, கண்நோய், சிரங்கு, படர்தாமரை, பேன் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பியதோடு சரி. பிள்ளைகள் சிகிச்சை இல்லாமல் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1902 அக்டோபரில், ஏழைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சேவை செய்த செவிலியர் லில்லியன் வால்ட், தான் அங்கே நடத்திய ஹென்றி தெரு நிலையத்திலிருந்து லீனா ராஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். லீனா பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார். மாலையில் வீடு தேடிப் போய்த் தாய்மாருக்கு விளக்கினார். மாதம் முடிந்ததும் நகராட்சியே செவிலியர்களை நியமிக்கத் தொடங்கியது. ஓராண்டுக்குள் நோயைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கண்டுபிடிக்க மருத்துவர்கள் முன்பே இருந்தார்கள். கண்டுபிடித்ததைக் கடைசிவரை கொண்டுசேர்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

அந்த லீனா ராஜர்ஸ் வந்த வழியையும் கவனியுங்கள். டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். பிறகு ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போகும் செவிலியர் குழுவில் சேர்ந்தவர். குழந்தையின் உடம்பையும் தெரிந்துகொண்டு, குடும்பத்தின் நிலைமையையும் தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கு வந்தார்.

நாங்கள் எப்படி வருகிறோம் தெரியுமா? பெரும்பாலும் தற்செயலாக. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, நைட் டியூட்டி பார்க்க முடியாமல் போகும்போது யாரோ ஒரு தோழி, "ஸ்கூல்ல கேட்டுப் பாருடி, ஞாயிற்றுக்கிழமை லீவு" என்பாள். அதுவே எங்கள் அறிவிப்பு, அதுவே எங்கள் தேர்வு. சில தனியார் பள்ளிகளில் பதிவே இல்லாதவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்பவர் இல்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உறைவிடப் பள்ளிகளுக்கு 2025-ல் ஒன்றிய அரசு செவிலியர் பணியிடங்களை அறிவித்தபோது மகிழ்ந்தேன். கேட்ட தகுதியைப் படித்ததும் சற்று வருத்தமாக இருந்தது: பி.எஸ்சி. நர்சிங், அதோடு ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டரை ஆண்டு அனுபவம். பெரியவர்களின் ஐ.சி.யூ.வில் இரண்டரை ஆண்டு இருந்தவருக்கு, விடுதியில் முதல் மாதவிலக்கு வந்து அழும் பதினொரு வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அந்த அனுபவம் சொல்லித் தராது.

எங்கள் பாடத்திட்டத்தில் பள்ளிச் சுகாதாரம் இருக்கிறது, சமுதாய நலச் செவிலியப் பாடத்துக்குள் ஒரு பகுதியாக. களப்பயிற்சியின்போது ஒரு பள்ளிக்குப் போவோம். உயரம், எடை எடுப்போம், சார்ட்டும் ஃப்ளாஷ் கார்டும் காட்டிக் கைகழுவுவதைப் பற்றிப் பேசுவோம், குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். படிப்பு முடித்த பிறகு தீவிர சிகிச்சைக்கு, பச்சிளங்குழந்தை பராமரிப்புக்கு, புற்றுநோய்க்கு என்று ஓராண்டுப் பட்டயங்கள் இருக்கின்றன. பள்ளிக்கென்று ஒன்று வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் தனியாகப் படித்துப் பள்ளிச் செவிலியராகத் தகுதி பெறுகிறார்கள். ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே உடல்நல அறையைக் கவனிப்பவரே ஆசிரியர் உரிமம் பெற்றவர், "யோகோ" ஆசிரியர். ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கும் நாற்காலி உண்டு. எனக்கு பிரிட்டன் முறைதான் நமக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. அந்த நாற்காலியை மட்டும் ஜப்பானிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இந்த வேலையை யார் செய்கிறார்கள்? ஆசிரியர்கள். 2020-ல் வந்த பள்ளி நல்வாழ்வுத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கியது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பிரேயரில் மயங்கி விழும் பெண் காலையில் சாப்பிடவில்லையா, ரத்தசோகையா, வலிப்பா என்று பி.டி. சார் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? வலிப்பு வந்தால் இன்றும் இரும்புச் சாவியைத் தேடி ஓடுகிறார்கள். முதல் வகை நீரிழிவு உள்ள பையன் கழிப்பறைக்குள் நின்று இன்சுலின் போட்டுக்கொள்கிறான். வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று பிள்ளைகள் நாக்கடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், மலம் கறுப்பாகப் போவது இயல்புதான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் விழுங்குவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதைச் சரிசெய்ய மாத்திரை வாங்குகிறோம். மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க ஆள் போடவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதையும் ஏற்றாதீர்கள். கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடு, கணினிப் பதிவு என்று அவர் ஏற்கெனவே திணறுகிறார்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017-ல் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியது உங்களுக்குத் தெரியும். கொரோனா வார்டுகளில் நின்றவர்கள் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது என்று அனுப்பப்பட்டதும் தெரியும். பள்ளிச் செவிலியரையும் இதே வழியில் கொண்டுவந்தால் ஓராண்டில் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஒரு பிள்ளை மனம்விட்டுப் பேச மாதங்கள் ஆகும். வீட்டில் நடக்கும் அடியை, தொடுதலைப் புது ஆளிடம் எந்தப் பிள்ளையும் சொல்லாது. காலமுறை ஊதியமும் மேலே போகப் படிகளும் வேண்டும்: பள்ளிச் செவிலியர், வட்டார மேற்பார்வையாளர், பயிற்றுநர் என்று.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் முடியாது, செலவு எனக்கும் புரிகிறது. ஒரு மேல்நிலைப் பள்ளியை மையமாக வைத்து, சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளைச் சேர்த்து ஒருவரிடம் கொடுக்கலாம். முதலில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் அங்கே அம்மா கிடையாது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு நடத்திப் பாருங்கள். அதற்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையையும் உட்கார வையுங்கள். எத்தனை சீட்டுகள் மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்தன, எத்தனை நாள் விடுப்பு குறைந்தது என்ற இரண்டை மட்டும் எண்ணினால் போதும்.

ஓராண்டுப் பட்டயத்துக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன்: குழந்தைகள் வார்டில் மூன்று மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதம், மீதி ஆறு மாதம் பள்ளியிலேயே. இரு துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் இருக்கும் ஒரு நாளில் நேரம் கொடுத்தால், அதைக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பள்ளிச் செவிலியர்