பின் ஷாக் அப்சார்பர்: முதலில் எடை மேடை, பிறகு கடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தார்ச் சாலை முடிந்த பிறகும் நாள்கணக்கில் தொடரும் நெடும்பயணங்களுக்கு வண்டியைத் தயார்செய்வது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டயருக்கும் கூடாரத்துக்கும் கூடுதல் பேட்டரிக்கும் தாராளமாக இடம் கொடுத்த அக்கட்டுரை, பாரம் ஏற்றிய வண்டியின் பின் ஷாக் அப்சார்பரைப் பற்றி, நல்ல கடினமானதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர் பணத்தையும் இழப்பார், ஆளில்லாத இடத்தில் வண்டியையும் நிறுத்த நேரிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஷாக் அப்சார்பர் பாரத்தைச் சுமப்பதில்லை. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி மீளும்போது எழும் துள்ளலை, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வெப்பமாக மாற்றி அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. எனவே, சாமான் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நின்றால் அதற்கு மருந்து ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. காற்றடைத்து உயர்த்தும் ஷாக்கையும், உடம்பைச் சுற்றிக் கூடுதல் காயில் ஸ்பிரிங் போட்ட ஷாக்கையும் இதற்கு மாற்று என்று விற்கிறார்கள். சேசிஸில் ஷாக் பொருத்தப்படும் பிராக்கெட், துள்ளலை அடக்கும் விசையைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே தவிர, வண்டியின் எடையை ஓயாமல் தாங்குவதற்காக அல்ல. கரடுமுரடான பாதையில் முதலில் விரிசல் விடுவது அந்த பிராக்கெட்டின் வெல்டிங்தான்.

ஆகவே ஷாக் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் எடை மேடை. டீசல் டேங்க், தண்ணீர் கேன்கள், கருவிப் பெட்டி, ஆட்கள் என்று பயணத்தில் இருக்கப்போகும் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, முழு வண்டியை ஒருமுறையும் பின் சக்கரங்களை மட்டும் மறுமுறையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 100 லிட்டர் டீசல் சுமார் 84 கிலோ, 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ என்று கூட்டிக் கணக்குப் போட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் பாரம் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் சேர்ந்து 100 கிலோ தொங்கினால், பின் ஆக்சிலின் மீது ஏறுவது 133 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 33 கிலோ குறைந்துவிடும். இப்படிக் கிடைத்த எடை, தயாரிப்பாளர் பின் ஆக்சிலுக்கு விதித்த வரம்பைத் தாண்டினால், எந்த ஷாக்கும் எந்த ஸ்பிரிங்கும் அந்த வரம்பை உயர்த்தித் தராது. சாமானைத்தான் இறக்க வேண்டும்.

எடை தெரிந்து, அதற்கேற்ற ஸ்பிரிங்கும் முடிவான பிறகே ஷாக்கின் தணிப்பு விசையை, அதாவது துள்ளலை அடக்கும் விசையைப் பற்றிப் பேச முடியும். தேவைப்படும் தணிப்பு, ஸ்பிரிங்கின் கடினத்தையும் அது சுமக்கும் நிறையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவுக்கு ஏற்ப உயரும். இரண்டும் ஒன்றரை மடங்கானால் தணிப்பும் ஒன்றரை மடங்காக வேண்டும். ஸ்பிரிங் அப்படியே இருக்க, நிறை மட்டும் 1.44 மடங்கானால் 1.2 மடங்கு தணிப்பே போதும். இதை விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததிலேயே மிகக் கடினமானதை மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமுங்கும் போக்கில் தணிப்பு மிகுந்தால், ஒவ்வொரு கல்லின் அடியும் ஸ்பிரிங்குக்குப் போகாமல் நேரே சேசிஸுக்குப் போகும். மீளும் போக்கில் மிகுந்தால் இன்னும் மோசம்: ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் கீழே இறங்கி முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ஆக்சில் மேலேறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். ஓட்டுநரோ ஸ்பிரிங் போதவில்லை என்று நினைப்பார்.

அடுத்தது வெப்பம். என் கருத்தில் இந்தப் பயணங்களில் ஷாக்கைக் கொல்வது பள்ளமல்ல, அலையலையாக வரி விழுந்த மண் பாதைதான். வரிகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் இருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின் மீது நொடிக்கு ஏறத்தாழ 14 முறை அடி விழுகிறது. சக்கரமும் ஆக்சிலும் தாமாகத் துள்ளும் இயல்பான அதிர்வும் பெரும்பாலான வண்டிகளில் நொடிக்கு 10 முதல் 15 வரைதான். இரண்டும் ஒத்துப்போகும்போது ஷாக்குக்கு ஓய்வே கிடையாது. எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகிறது, அதில் வாயுக் குமிழிகள் கலந்து நுரைக்கின்றன, பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுவதற்குப் பதிலாக நுரையைத் தள்ளுகிறது, தணிப்பு காணாமல் போகிறது.

இந்த நுரைப்பைத் தடுக்கத்தான் மோனோட்யூப் எனும் ஒற்றைக் குழாய் ஷாக் வந்தது. எண்ணெயையும் அழுத்தப்பட்ட நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைக்கும் இம்முறையை பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் உருவாக்கினார். 1957இல் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காக அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இதில் எண்ணெய் வெளிக்குழாயின் சுவரையே தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு விரைவில் வெளியேறும். ஒரே குழாய் என்பதால் உள்ளே பெரிய பிஸ்டனுக்கும் இடமுண்டு: 35 மில்லிமீட்டர் பிஸ்டனை 46 ஆக்கினால் பரப்பு சுமார் 1.7 மடங்காகி, அதே விசையைக் குறைந்த அழுத்தத்தில் பெறலாம். ஆனால் பிஸ்டன் உரசி ஓடுவதே அந்த வெளிச்சுவரில்தான். முன் சக்கரம் தூக்கியடித்த கல் ஒன்று அதில் ஒரு குழிவு விழச் செய்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். பிஸ்டன் உள்குழாயில் ஓடும் இரட்டைக் குழாய் ஷாக் அதே அடியை வாங்கிக்கொண்டு, வெளியே நசுங்கிய நிலையிலும் வீடு வந்து சேரும். வாயுவுக்குப் பதிலாக ஃபோம் வைத்து நுரைப்பைக் குறைத்த, பருத்த இரட்டைக் குழாய் ஷாக்கை, நிதானமாக ஓட்டுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். வாரக்கணக்கில் வரிப் பாதையிலேயே ஓட வேண்டிய கனத்த வண்டிக்கு மோனோட்யூப்தான், அதுவும் கல் தடுப்புத் தகடோடு. குழாய் போட்டுத் தனிக் குப்பியை இணைத்த ஷாக்கில் எண்ணெய் அதிகம், குளிர்ச்சியும் அதிகம் என்பது மெய்தான்; அந்தக் குழாய் அறுந்தால் மொத்த எண்ணெயும் மண்ணில் என்பதும் மெய். டயரில் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைப்பவருக்கு அதன் தேவை அரிது.

நீளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. முழுச் சுமையில் ஆக்சில் மேலேறும்போது, ஷாக் முழுதும் அமுங்குவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் தடுக்க வேண்டும். இல்லையெனில் அடி முழுவதையும் ஷாக்கின் அடிப்பகுதி வாங்கும். சாய்த்துப் பொருத்திய ஷாக்கில் சாய்வு கூடக் கூடத் தணிப்பு குறையும்: செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கும், 45 பாகை சாய்ந்தால் பாதியும்தான் சக்கரத்துக்குக் கிடைக்கும். பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் அவற்றின் உராய்வு தணிப்புக்கு ஓரளவு துணை நிற்கிறது. காயிலில் அதுவும் கிடையாது.

பயணத்தின் நடுவே ஷாக்கைச் சோதிக்க, பம்பரை அமுக்கி விட்டுப் பார்ப்பதால் பெரிதாக எதுவும் தெரியாது. அரைமணி நேரம் வரிப் பாதையில் ஓட்டிய பின் இறங்கி, தொடாமல், இரண்டு பின் ஷாக்குகளின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் போதும். சூடாக இருப்பது வேலை செய்கிறது. மற்றதைவிடக் குளிர்ந்திருப்பதே செத்தது. பிஸ்டன் ராடின் அருகே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு படிந்து அதில் தூசி ஒட்டியிருப்பது இயல்பு. சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. பல வேளைகளில் ஷாக்குக்கு முன்பே நசுங்கிப் பிதுங்குவது அதன் ரப்பர் புஷ்தான் என்பதால், உள்ளங்கையில் அடங்கும் அந்தப் புஷ்களையும், போல்ட்களையும் கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துச் செல்வது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஷாக் விளம்பரங்கள் குழாயின் பருமனையும் பெயின்டின் நிறத்தையும் சொல்கின்றன. எந்த வேகத்தில் அமுங்கும்போதும் மீளும்போதும் எத்தனை நியூட்டன் விசை தருகிறது என்ற அட்டவணையை எளிதில் காட்டுவதில்லை. அந்த அட்டவணை தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது, ஏனெனில் அது இல்லாமல் வால்வை அமைக்கவே முடியாது. தங்கள் வாகனப் பக்கத்தில் இனி ஷாக் அப்சார்பர்களை மதிப்பிட்டு எழுதும்போது, அந்த எண்களைக் கேட்டு வாங்கி, எந்தப் பின் ஆக்சில் எடைக்கு அவை அமைக்கப்பட்டவை என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்