கேள்வியோடு வாருங்கள், கூட்டம் சேர்த்துக்கொண்டு வர வேண்டாம்

பெற்றோர்களுக்கும், பெற்றோர் வெளியூர் போயிருக்கும் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் நம் பள்ளி அலுவலகத்தில் நடந்தது ஊரில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு மாணவி தொடர்ந்து வரவில்லை என்று வகுப்பாசிரியை வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தார். மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் என் அறைக்குள் வந்துவிட்டார்கள். மேசையைத் தட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தபடியே இருந்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் பண்ணணும்னு சொல்ல நீங்க யாரு?" என்றார்கள். "இந்த ஊர்ல எப்படி வேலை பாக்கறன்னு பாத்துக்கலாம்" என்றும் சொன்னார்கள். அன்று இரவு பத்து மணிக்கு மேல் புதுப்புது நம்பர்களிலிருந்து எனக்குப் போன் வந்தது. அதில் பேசியதை இங்கே எழுத முடியாது. எந்தக் குடும்பம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் விசாரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு இதே வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.

என்னைத் திட்டியதைவிட இன்னொன்றுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்த வகுப்பாசிரியை இப்போது யார் வீட்டுக்கும் போன் செய்யத் தயங்குகிறார். உங்கள் பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் "ஏன் வரலை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். அவரும் பயந்து வாயை மூடிக்கொண்டால், பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் உங்களுக்குப் பிள்ளை பள்ளிக்கு வராதது எப்படித் தெரியும்?

கல்யாண விஷயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பெற்றவர்கள் மட்டுமல்ல, நடத்தி வைப்பவரும், தெரிந்தே போய்க் கலந்துகொள்பவரும் மாட்டுவார்கள். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் தருமபுரி மாவட்டத்தில் இது எவ்வளவு சகஜமாக நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தகவல் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்வேன். யார் மிரட்டினாலும் சொல்வேன். சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்தித் தரச் சொல்லியும் சிலர் வருகிறார்கள். என் இஷ்டத்துக்கு அதில் கை வைக்க முடியாது.

வயசுப் பிள்ளையைப் பாட்டியை நம்பி விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்று தாய்மார்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அரசு மாணவியர் விடுதிகளில் தங்கிப் படிக்கலாம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் வாருங்கள், நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் அது கிடைக்காது.

முடி வெட்டச் சொன்னது, செல்போனை வாங்கி வைத்தது, செய்முறை மதிப்பெண் என்று மற்ற சண்டைகளும் உண்டு. அதெல்லாம் பேசினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

எங்களைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ அது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கே விரோதம். கட்டாயம் புகார் கொடுங்கள். முதலில் என்னிடம் வாருங்கள். என் மேலேயே புகார் என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; அதில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்கள்தான். அங்கும் சரிப்படவில்லையா, மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், கல்வித் துறையின் 14417 உதவி எண், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் எல்லாம் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், எழுத்தர் எழுதித் தருவார். என் மேல் கொடுக்கும் புகாராக இருந்தாலும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், இனிமேல் அலுவலகத்துக்குள் கூட்டமாக வந்து மிரட்டினாலோ, அனுமதியில்லாமல் ஆசிரியைகளைப் படம் பிடித்தாலோ, இரவில் போன் செய்து கேவலமாகப் பேசினாலோ காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பேன். இதுவரை ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசியதும் விட்டுவிட்டோம். இனி அப்படி விட மாட்டோம். மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். பெரியவர்கள் செய்ததற்காகப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

பள்ளி நாட்களில் மாலை 4.30 முதல் 5.30 வரை என் அறையில் இருப்பேன். வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம். பெங்களூர், ஓசூர், திருப்பூரில் வேலை செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வர முடியும் என்றால், முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அன்று பள்ளியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை