எக்ஸ்ரே அறை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

பாப்பா நேற்று ராத்திரி இருமாமல் தூங்கினாள். நாங்கள்தான் தூங்கவில்லை, பழக்கதோஷம். பாப்பாவின் மூச்சுக்குழாயில் வேர்க்கடலை சிக்கியதும், அது தெரியாமல் நாங்கள் அலைந்ததும் உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் நேரில் வந்து பார்த்துவிட்டீர்கள். அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி மதுரையில் எக்ஸ்ரே எடுத்த அண்ணனுக்கு. மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒரு படம் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். பெரியவர்களிடம் சொன்னால் செய்வார்கள், இரண்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மெஷினைப் பார்த்ததுமே அலறல். வெளியே நீள வரிசை, சாப்பாட்டு நேரம் வேறு. ஏதோ ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

அவரோ என் மனைவிக்குக் கனமான அந்த ஈய அங்கியை மாட்டிவிட்டு, போன் டார்ச்சைப் போடச் சொன்னார். "ஹேப்பி பர்த்டே பாடுங்கம்மா, மெழுகுவத்தின்னு நினைச்சு ஊதட்டும்." பாப்பா ஊதினாள், இவள் விரலால் வெளிச்சத்தை மறைத்தாள். ஊதினால் அணைகிறது என்று தெரிந்ததும் அழுகை போன இடம் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவரும் "ஊது தங்கம், இன்னும், இன்னும்" என்று கத்தினார். காற்றெல்லாம் போன நொடி பார்த்து பட்டனை அழுத்திவிட்டார்.

விஷயம் பிடிபட்டது அந்தப் படத்தில்தான். காசோ ஊக்கோ என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், வேர்க்கடலை தெரியாது. ஆனால் ஊதி முடித்த பிறகும் வலது நுரையீரல் மட்டும் சுருங்காமல் கறுப்பாக உப்பிக் கிடந்தது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை. வீசிங், சளி, நிமோனியா என்று எத்தனை பெயர் சொன்னார்கள்! ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் விடும், நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும். நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய்களில் இடதைவிட வலது அகலம், நேராகவும் இறங்கும், அதனால் பெரும்பாலும் அங்கேதான் போய் விழுமாம்.

குழாய் விட்டு அரைக் கடலையை எடுத்த டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரர், என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த சக ஆசிரியர்கள், எல்லோருக்கும் ஒரே கும்பிடு. 1897இல் ஜெர்மனியில் கில்லியன் என்ற டாக்டர் முதன்முதலாக இப்படிக் குழாய் விட்டு, ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்தாராம். அவருக்கும் ஒன்று போட்டுவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். கடலையை யார் கொடுத்தது என்று என் அம்மாவிடம் யாரும் கேட்காதீர்கள். தவழ்ந்து எடுத்ததோ, யார் மடியிலிருந்து விழுந்ததோ, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இனி எங்கள் வீட்டு விசேஷத்தில் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடலை என்றால் பொடித்துத்தான் கொடுப்போம். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அப்புறம், வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, உங்கள் பச்சை ஃபிளாஸ்க் எங்கள் பையோடு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது தகவல் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.