பாடுன்னா கஷ்டம்னு சொல்லிட்டேன்டா

ராயபுரம்,
ஞாயித்துக்கிழமை ராத்திரி

டேய் மச்சான்,

ஆறு மாசமா ஒரு வரி எழுதாதவன் இப்ப எழுதறான்னா, என்னமோ தப்பு பண்ணியிருக்கான்னு உனக்கே தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம். குள்ளன் இன்னும் அந்த இருநூறு ரூபாயத் தரல.

வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிக்கினு சுத்திக் காட்டறேன்னு சொன்னேன்ல? போன வாரம் நாலு பேர். ராயபுரம் ஸ்டேஷன், 1856, வாலாஜா ரோடுக்கு முதல் ரயிலுன்னு வழக்கமான பாட்டப் பாடிட்டு, அப்படியே பழவேற்காடு. டச்சுக்காரன் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு சிலையப் போட்டோ எடுத்துட்டு ஏரிக்கரைக்கு வந்தா, உங்க சின்ன மாமா கிழிஞ்ச வலையப் பின்னிக்கினு இருந்தாரு.

இங்க எப்படி மீன் பிடிப்பீங்கன்னு ஒரு அம்மா கேட்டாங்க. "எங்களுக்குப் பாடு இருக்கு. சீட்டு குலுக்கி எடுத்துக்குவோம்"னாரு மாமா. நான் காசிமேட்டுல வளந்தவன், கடல் தெரியும், ஏரி தெரியுமா? இவங்க கஷ்டத்தக் குலுக்கல் போட்டுப் பிரிச்சுக்கறாங்கன்னு இங்கிலீஷ்ல எடுத்து விட்டேன். அந்தம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மாமா கையில நூறு ரூபாய வச்சு அமுக்கறாங்க. அவரு என்னைப் பாக்கறாரு, இன்னாடா சொன்னேன்னு.

சிரிக்காத. அவங்க இறால் சாப்பிடப் போனப்புறம், பாடுன்னா இன்னா மாமான்னு மெதுவா கேட்டேன். ஏரியில எல்லா இடத்துலயும் இறால் ஒண்ணு போல விழாதாம். அதனால எந்த இடத்துல யாரு என்னிக்கு வலை கட்டறதுன்னு ஊருக்குள்ளயே முறை. அதுதான் பாடு. ஒருத்தனே வாரிச் சுருட்ட முடியாது. நாளைக்கும் மிச்சம் இருக்கற மாதிரி எடுக்கணும், சஸ்டெயினபிள், சஸ்டெயினபிள்னு அவங்க நாள் பூரா வண்டியில பேசிக்கினு வந்தாங்களே, அது இங்க ரெண்டு எழுத்துல கெடக்குது. திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரல.

1856ஐ எவனும் போனப் பாத்துச் சொல்லிடுவான். பாடு மாமா சொன்னாத்தான் உண்டு. ஆனா அன்னிக்கு எனக்கு மூவாயிரம், அவருக்கு ஒரு டீயும் அந்த நூறும். கட்டுமரம்னு நம்மாளு வச்ச பேர கேட்டமரன்னு ஆக்கி, பணக்காரன் சொகுசுப் படகுக்கெல்லாம் வச்சிருக்கான். அதுலயும் நமக்கு டீதான்.

மறுநாள் பாதிப் பணத்த எடுத்துக்கினு போனேன். வாங்கல. "படகுக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு. வாய்க்கு எவன்டா பங்கு போட்டான்?"னு சிரிக்கறாரு. எனக்குச் சிரிப்பு வரல மச்சான். அந்த வாய் இல்லன்னா நான் எலும்புக்கூட்டக் காட்டித்தான் பொழைக்கணும். இனிமே வர்றவங்ககிட்ட மாமாவுக்குன்னு தனியா பேசி, கூலின்னு சொல்லியே அவரு கையில குடுக்கப் போறேன்.

சனிக்கிழமை அடுத்த கூட்டம் வருது. நீ சொன்னா மாமா கேப்பாரு. ஆறு மணிக்கு மேல போன் போடு, அதுக்கு முன்னாடி தூங்குவாரு. நூறு ரூபா கதைய மட்டும் எடுக்காத. அந்தம்மா ஏன் அழுதாங்கன்னு அவருக்கு இன்னும் தெரியாது.